நாலாவது குரல்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வதுதான் பதினாறு வருடமாக என் பிழைப்பு. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிறவளும் நான்தான். அதனால் கீழே உள்ளதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களைக் கைக்கடிகாரத்திலும் செல்போனிலும் பார்த்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எங்களோடு நீந்த வந்த மாலக்கியைக் கேளுங்கள். அன்றைக்குப் பிறகு அவர் கடல் பக்கமே வருவதில்லை, ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்வார்.

2018 டிசம்பர் 12. புதன்கிழமை காலை.

எங்கள் கடற்கரைக்கு ட்ராரூவா என்று பெயர். அயர்லாந்தில் டோனிகால் பக்கம் காற்று இல்லாத கடற்கரையே கிடையாது. எங்களுடையதில் கார் கதவைத் திறந்தால் கதவு கையோடு வந்துவிடும். இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் ஒரு பைத்தியம். கோடையில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் இருக்காது. குளிர்காலத்தில், வேலைக்குப் போவதற்கு முன்னால், இருட்டில் இறங்குகிற பைத்தியங்கள் நாங்கள் நாலு பேர் மட்டும்.

மாலக்கி, எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற தபால்காரர். அட்ராக்டா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், வாய் நீளம். மூன்றாவது நான், பிரோனா. நாலாவது என் தங்கை கீலின். என்னைவிட ஆறு வயது சின்னவள்.

டிசம்பரில் ஏழரை மணிக்கும் அங்கே கும்மிருட்டுதான். எட்டேகாலுக்கு மேல்தான் வானம் லேசாக வெளுக்கும். அதனால் மாலக்கி ஒரு சட்டம் வைத்திருந்தார். தண்ணீரில் இருக்கும்போது நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் "ஒண்ணு!" என்று கத்துவார். அட்ராக்டா "ரெண்டு!" நான் "மூணு!" கீலின் "நாலு!" நாலு வந்துவிட்டால் எல்லாரும் பத்திரம். வராவிட்டால் அத்தனை பேரும் நீந்துவதை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். கரையேறி, சுவரோரம் உடை மாற்றியதும் கடைசியாக ஒரு தடவை எண்ணுவோம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போகலாம்.

ஒன்பது வருடம் இப்படித்தான் எண்ணினோம். இருட்டில் முகம் தெரியாது. குரலைத்தான் நம்பினோம்.

அன்றைக்குக் காரில் வரும்போதே எனக்கும் கீலினுக்கும் சண்டை. கனடாவுக்குப் போகிறேன் என்றாள். வேலை கிடைத்துவிட்டதாம், ஜனவரி ஒன்பதாம் தேதி விமானமாம்.

"எப்ப முடிவு பண்ணின?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்ல! நாலு மாசமா என் வீட்டுச் சமையலறையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டே இதை வயித்துக்குள்ள வச்சிருந்தியா?"

"சொன்னா நீ இப்படிக் குதிப்பேன்னு தெரியும்கா."

"பசங்ககிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம். போறதுன்னா போ. போனவ போனவளாவே இரு."

இதைத்தான் சொன்னேன். என் புருஷன் மாதத்தில் பாதி நாள் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலைக்குப் போய்விடுவார். என் மூன்று பிள்ளைகளையும் என்னோடு சேர்ந்து வளர்த்தவள் கீலின்தான். எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் அப்படிக் கத்தினேன்.

வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். வழக்கமாக என் துணிக்குப் பக்கத்தில்தான் அவள் துணியையும் வைப்பாள். அன்றைக்குச் சுவரின் அந்தக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இருட்டில் நீந்தும்போது நாங்கள் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு மிதவை கட்டிக்கொள்வோம். அதில் சின்ன விளக்கு எரியும். கீலினுடைய மிதவை என் கார் டிக்கியிலேயே கிடந்தது. கோபத்தில் எடுக்க மறந்துவிட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு டிக்கியை மூடினேன். 'வேணும்னா வந்து கேட்கட்டும்' என்று நினைத்தேன்.

7:24. தண்ணீருக்குள் இறங்கினோம்.

"எப்படி இருக்கு?" என்றார் மாலக்கி.

"வெந்நீர் மாதிரி இருக்குய்யா, சோப்பு கொண்டு வரலையேன்னு பார்க்கிறேன்!" என்றார் அட்ராக்டா. எலும்பு வரை குத்துகிற குளிர். எங்கள் ஊரில் உண்மையைச் சொல்லி யாரையும் தண்ணீரில் இறக்க முடியாது.

7:28. முதல் எண்ணிக்கை.

"ஒண்ணு!"

"ரெ... ஹா... ரெண்டு!"

"மூ... மூணு!"

"நா... ஹா... நாலு!"

அந்தக் குளிரில் யாராலும் மூச்சு வாங்காமல் பேச முடியாது. நெஞ்சு இறுகிவிடும். கீலின் என் வலது பக்கம், கொஞ்சம் தள்ளி இருந்தாள். இருக்கட்டும் என்று நான் இடது பக்கமாக நீந்தினேன்.

7:32. இரண்டாவது.

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!"

"நாலு."

உடனே வந்தது. நான் வாயை மூடுவதற்குள். அவள் குரல்தான். ஆனால் கத்தவில்லை. மூச்சு வாங்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருந்தது.

கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

7:36. மூன்றாவது. திரும்பிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தோம்.

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!"

"நாலு."

இந்தத் தடவை எனக்குப் பின்னால். ரொம்பப் பக்கத்தில். திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். என் மிதவை விளக்கின் ஆரஞ்சு வெளிச்சம் அலையில் ஏறி இறங்கியது. வேறு எதுவும் இல்லை.

"கீலின்?"

சரிதான், பேச மாட்டாள் போல, என்று எனக்கும் வீம்பு வந்துவிட்டது. நான் கரையேறினேன்.

மாலக்கி தன் விளக்கைச் சுவரின் இந்தப் பக்கம் வைத்திருந்தார். வெளிச்சம் பத்தடிதான் எட்டும். பல் கிடுகிடுக்கத் துவட்டிக்கொண்டோம். சுவரின் அந்தக் கடைசியில், வெளிச்சத்துக்கு வெளியே, கீலின் நின்றுகொண்டிருந்தாள். நிழலாகத்தான் தெரிந்தது. கடலைப் பார்த்து நின்றாள். துவட்டவில்லை. குனியவில்லை. நாங்கள் மூன்று பேரும் குளிரில் குதித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் அசையாமல்...

"அவளுக்கு என்னாச்சு?" என்று அட்ராக்டா என் காதருகே கேட்டார்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. விடுங்க."

"சண்டையா? சரி, சரி. ஏய் கீலின்! டீ வேணாமா? பிளாஸ்க்ல சூடா இருக்கு!"

"நாலு."

அட்ராக்டா வாய்விட்டுச் சிரித்தார். "பாருய்யா கொழுப்பை! இன்னும் எண்ணவே ஆரம்பிக்கலை."

மாலக்கியும் சிரித்தார். "சரி, அவ சொல்லிட்டா. நாமளும் சொல்லிடுவோம். ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு," என்றேன்.

"நாலு."

7:49. எண்ணிக்கை சரி. மாலக்கி விளக்கை எடுத்துக்கொண்டார். அட்ராக்டா அவருடைய வண்டியில்தான் வருவார். இரண்டு பேரும் கையசைத்துவிட்டுப் போனார்கள். வண்டியின் பின்விளக்கு மேட்டில் ஏறி மறைந்தது.

நான் என் காரில் உட்கார்ந்து சூடேற்றியைப் போட்டேன். வரட்டும். எவ்வளவு நேரம் அந்தக் காற்றில் நிற்பாள்? நானாகப் போய்க் கூப்பிடப் போவதில்லை.

7:55. வரவில்லை.

7:59. வரவில்லை. காற்று காரை ஆட்டியது. கண்ணாடியில் மணல் சர்ர்... சர்ர்... என்று அடித்தது.

8:03. ஈர உடம்போடு யாரும் இவ்வளவு நேரம் நிற்க முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சுவரின் அந்தக் கடைசி வரை நடந்தேன். யாரும் இல்லை.

அவள் துணி இருந்தது.

மடித்து வைத்தது மடித்தபடி. துண்டைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. காலுறைகள் சுருட்டி ஷூவுக்குள் இருந்தன. யாரும் எதையும் தொடவே இல்லை.

டார்ச்சை மணலில் அடித்தேன். தண்ணீரிலிருந்து சுவருக்கு மூன்று பேருடைய காலடிதான் இருந்தது. மாலக்கியின் பெரிய கால். அட்ராக்டாவின் ரப்பர் செருப்பு. என் கால்.

நாலாவது இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 7:28-க்குப் பிறகு நான் என் தங்கையின் மூச்சைக் கேட்கவே இல்லை. முப்பத்தைந்து நிமிடம். விளக்கில்லாமல். அந்தத் தண்ணீரில். எண்ணிக்கை சரியாக வந்ததால் யாரும் தேடவில்லை.

கடலுக்கு ஓடினேன். என்ன கத்துவது என்றுகூடத் தெரியவில்லை. பழக்கத்தில் அதுதான் வந்தது.

"மூணு...!"

"நாலு."

என் இடது தோளுக்குப் பக்கத்தில்.

நிதானமான குரல். கீலின் குரல். என் காதில் அதன் மூச்சுக்காற்றுகூடப் படவில்லை.

நான் திரும்பவில்லை. கழுத்து விறைத்துவிட்டது. டார்ச்சைத் தண்ணீரிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நொடி காற்று ஓய்ந்தது. மறுபடி கத்தினேன். தொண்டை கிழிய.

"மூணு...!!"

"நாலு." பக்கத்தில்.

பிறகு... வெகு தூரத்தில்... வலது பக்கம்...

"நா... ஹா... ஹா..."

"கீலின்!"

"அ... அக்கா..."

அது அவள். உயிரோடு இருக்கிறவள் மூச்சு வாங்குவாள். நான் அந்தத் திசைக்கு டார்ச்சைத் திருப்பினேன். இருநூறு மீட்டர் தள்ளி, அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் பாறைத்திட்டு ஒன்று உண்டு.

என் பக்கத்தில் இருந்தது அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மெதுவாக, சொல்லிப் பார்க்கிற மாதிரி...

"அக்கா."

ஓடினேன். காருக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. முன்விளக்கைப் பாறைப் பக்கம் திருப்பி எரியவிட்டேன். 8:09-க்கு அவசர எண்ணுக்கு அழைத்தேன். 8:11-க்கு மாலக்கிக்கு. "கீலின் தண்ணியில இருக்கா" என்றேன்.

"என்னம்மா சொல்றே? நாலு சொன்னாளே!"

"அவ சொல்லலை."

8:17-க்கு வண்டி வந்துவிட்டது. இரண்டு பேரும் என் இரு பக்கமும் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தோம். எண்ணுவதற்கு யாருக்கும் தைரியம் வரவில்லை. 8:31-க்கு உயிர்காப்புப் படகு வந்தது. அவளைத் தூக்கும்போது இடுப்பு வரை தண்ணீர் ஏறியிருந்ததாம். கடல் ஏறுகிற நேரம். இன்னும் இருபது நிமிடம் போயிருந்தால் பாறை மூழ்கியிருக்கும் என்று படகில் வந்தவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கீலின் பிழைத்தாள். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள். மூன்றாவது நாள்தான் ஒழுங்காகப் பேச்சு வந்தது. நான் முதலில் மிதவையைப் பற்றிச் சொன்னேன். பார்த்தும் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அட விடுக்கா. மறந்தது நான்தானே."

"எப்படி அவ்வளவு தூரம் போனே?"

"நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடுச்சு. பாறையில எப்படியோ தொத்திக்கிட்டேன். மாலக்கி கத்தினது கேட்டுச்சு. பதில் சொல்ல வாயைத் திறந்தேன்..." நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். "நீ என் வாயைப் பொத்திட்டே."

"நானா?"

"நீதான் பக்கத்துல உட்கார்ந்திருந்தே. இருட்டுல முகம் தெரியலை. உன் குரல். என்னைத் தேடி நீந்தி வந்துட்டேன்னு நினைச்சு அழுதுட்டேன்கா. கரையிலிருந்து 'நாலு'ன்னு என் குரலே கேட்டுச்சு. செத்துட்டேன் போல, அதான் இப்படிக் கேட்குதுன்னு நினைச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு, நீ கரையிலிருந்து 'மூணு'ன்னு கத்தினே. நீ பக்கத்துலயும் இருக்கே, கரையிலயும் இருக்கே... அந்தக் கையைக் கடிச்சேன். வாய் நிறைய மணல் வந்துச்சு. துப்பிட்டுக் கத்தினேன்."

டாக்டர் இதைக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். உடம்பு அந்த அளவுக்குக் குளிர்ந்தால் மூளை இப்படியெல்லாம் காட்டுமாம். நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்களாம். நான் சரி என்றேன். அவள் வாயிலிருந்து மணலை வழித்தெடுத்த நர்ஸ் மட்டும் வெளியே போனாள். கீலினை விடுங்கள். கரையில் நின்ற எங்கள் மூன்று பேருக்கும் மூளையா குளிர்ந்து போயிருந்தது?

ஜனவரி ஒன்பதாம் தேதி நானே அவளை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனடாவில் கடல் இல்லாத ஊருக்குப் போகிறாள், போகட்டும் என்றுதான் இருந்தது. பாதி வழி வரை கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றியும், அறுவை சிகிச்சை செய்த அட்ராக்டாவின் முழங்காலைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரியில சொல்லலை. உன்னைப் பயமுறுத்தக் கூடாதுன்னுதான்."

"சொல்லு."

அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது.

"அதேதான்கா. அந்தப் பாறையில அதுவும் இதையேதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. 'சொல்லு.' வேற ஒரு வார்த்தை கிடையாது. நான் தூங்கிடாம இருக்கணும்னு நீ பேச்சுக் கொடுக்கிறேன்னு நினைச்சேன். அதனால வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"உன் வீடு. வாசல் கதவு சாவியை நீ எங்க வைப்பேன்னு. பசங்க எந்த ரூம்ல தூங்குறாங்கன்னு..."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"பசங்க பேரைச் சொன்னேன்கா. டாரா, ஓர்லா, ஃபியா. அதுக்கு முதல்ல சரியா வரலை. ஒவ்வொரு பேரையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துச்சு. சரியா வர்ற வரைக்கும் விடலை."

"யார் குரல்ல?"

கீலின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ அவங்களைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவியே... அந்தக் குரல்ல."